"இதுல எந்தப் பிள்ளைக்கு மேடம் ஆட்டிசம்?"

பெங்களூரு அல்சூர் பக்கம் சமீபத்தில் ஒரு சின்னப் புகைப்படக் கண்காட்சி. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும் இல்லாத பிள்ளைகளும் சேர்ந்து ஆடும் நடன வகுப்பில் எடுத்த படங்கள். நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பிள்ளைகளைப் பழக்குகிறவர்) என்று தெரிந்ததும் பலர் பக்கத்தில் வந்து ரகசியமாகக் கேட்டது, தலைப்பில் இருக்கும் கேள்வியைத்தான்.

நான் சொல்லவில்லை. ஆட்டிசத்துக்கென்று முக அடையாளம் கிடையாது, ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கூட அதைக் காட்டாது, பிள்ளையின் வளர்ச்சியையும் நடந்துகொள்ளும் விதத்தையும் நேரில் கவனித்துத்தான் சொல்கிறோம், அப்படியிருக்க ஒரு நொடியில் எடுத்த படத்தில் எதைத் தேடுகிறீர்கள்?

ஒரு படத்தில் ஒரு பையன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குதிக்கிறான். "ஐயோ பாவம், சத்தம் தாங்கல போல" என்றார் ஒருவர். பக்கத்தில் நின்ற அவன் அம்மா, "இல்லைங்க, சந்தோஷம் தலைக்கேறினா இப்படித்தான் பண்ணுவான்" என்றார். சத்தம் தாங்காமல் காதைப் பொத்தும் பிள்ளைகளும் உண்டு, அதனால் வீட்டாரைக் கேட்காமல் நாமாக எதையும் முடிவு செய்யக் கூடாது.

குதிப்பதும் காலைத் தட்டுவதும் தசைக்கும் மூட்டுக்கும் நல்ல அழுத்தம் தரும், நிறையப் பிள்ளைகள் அதில் அடங்கி நிதானத்துக்கு வருவார்கள். பரதத்தில் காலைத் தட்டி ஆடும் ஆரம்பப் பாடமான தட்டடவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதே அசைவு, அதே கணக்கு, மூன்று காலம் (வேகம்). அடுத்து என்ன வரும் என்று முன்பே தெரிந்தால்தான் மனம் அமைதியாகும் பிள்ளைக்கு இது அல்வா சாப்பிடுகிற மாதிரி. ஆனால் டீச்சர் தாளம் போடும் தட்டுக்கழி விழுந்த முதல் அடியிலேயே வாசலுக்கு ஓடுகிற பிள்ளையும் இருக்கும். அப்போது கழியை ஓரமாக வைத்துவிட்டுத் தொடையில் தட்டித் தாளம் போடுகிற டீச்சர் வேண்டும். எல்லாரையும் ஒரே ஹாலில் நிறுத்திவிட்டாலே எல்லாருக்குமான வகுப்பு ஆகிவிடாது. அன்றைய பாடம் என்னவென்று படம் போட்டு ஒட்டிய சுவர், குறைத்து வைத்த ஸ்பீக்கர், களைத்தால் போய் உட்கார ஒரு மூலை, இதெல்லாம் வேண்டும். நல்லவேளை, அந்த மூலையில் உட்கார்ந்திருந்த பெண்ணின் படத்தையும் மாட்டியிருந்தார்கள். அவளும் வகுப்பில்தான் இருக்கிறாள்.

இதைக் கருணை என்று நினைக்க வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அதன் 29ஆம் பிரிவு, கலைப் பாடங்களை இவர்களும் பங்கேற்கும்படி மாற்றி அமைப்பதை அரசின் பொறுப்புகளில் சேர்த்திருக்கிறது. ஏப்ரல் 2, உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாள் வந்தால் நீல விளக்கு போட எல்லாரும் ரெடி, ஜூனில் பிள்ளையைச் சேர்க்கப் போனால் மட்டும் சீட் இருக்காது!

அப்புறம், நடனம் ஆட்டிசத்தைக் "குணப்படுத்தும்" என்று யாராவது பேக்கேஜ் விற்றால் திரும்பி வந்துவிடுங்கள். உடல் ஒருங்கிணைப்புக்கும் மற்றவர்களோடு பழகுவதற்கும் உதவலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, பெரும்பாலும் சின்ன ஆய்வுகள். ஆடப் பிடிக்கிறது என்பதே வகுப்பில் சேர்க்கப் போதுமான காரணம்.

படம் எடுக்கிறவர்களுக்கு: ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். கேமரா இல்லாமல் சில வகுப்புகளுக்குப் போய் உட்காருங்கள், பிள்ளைகளுக்கு உங்கள் முகம் பழகட்டும். பெற்றோர் கையெழுத்துப் போட்டிருந்தாலும், பிள்ளை முகத்தைத் திருப்பினால் கேமராவை இறக்கிவிடுங்கள். மாட்டும் முன் படத்தை அந்தப் பிள்ளையிடமே காட்டுங்கள், பேச்சு வராத பிள்ளை என்றால் கையால் தள்ளிவிடுவதும் பதில்தான்.