பூப்பெய்திவிட்டால் போதுமா?

"பெரிய மனுஷி ஆயிட்டா, இன்னும் எதுக்குக் காத்திருக்கணும்?" என்று பதினாறு வயதிலேயே மாப்பிள்ளை பார்க்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்போது தமிழ்நாட்டில் 20-24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேர் 18 வயதுக்கு முன்பே மணமானவர்கள்.

மாதவிடாய் வந்துவிட்டதால் உடம்பு பிரசவத்துக்குத் தயாராகிவிடுவதில்லை. இடுப்பெலும்பு அதன் பிறகும் சில ஆண்டுகள் அகன்றுகொண்டிருக்கும். அது முடியுமுன் வலி எடுத்தால் குழந்தையின் தலை இறங்க வழியின்றிச் சிக்கலாம். சிசேரியன் தாமதமானால், தலைக்கும் தாயின் இடுப்பு முன்பக்க எலும்புக்கும் நடுவில் சிறுநீர்ப்பை மணிக்கணக்கில் நசுங்கும். ரத்த ஓட்டம் நின்று திசு அழுகி ஓட்டை விழும். சிறுநீர் ஓயாமல் கசியும்.

நம் ஊரில் அடிக்கடி காண்பது ரத்தசோகை. தானே வளர்ந்துகொண்டிருக்கும் பெண்ணின் சத்தைக் குழந்தையும் பங்கு கேட்கிறது. கர்ப்பத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறையக்கூடாது. 7-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். நான்காம் மாதத்திலிருந்து தினமும் ஓர் இரும்புச்சத்து மாத்திரை, குறைந்தது 180 நாள். அதை டீயோடு விழுங்கினால் சத்து உடம்பில் ஒட்டாது. கால்சியம் மாத்திரையையும் வேறு நேரத்தில் போட வேண்டும்.

பதின்வயதுக் கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரும் ஆபத்தும் கூடுதல். தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகவீக்கம் இருந்தால் "நீர் கோத்திருக்கு, சரியாயிடும்" என்று விடாதீர்கள். ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டாலே அன்றே காட்ட வேண்டும்.

இத்தனையையும் மோசமாக்குவது, ஒளித்துவைப்பது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் ஐந்தாறு மாதம் வரை அழைத்து வருவதில்லை. பதினெட்டு நிரம்பாத பெண் கர்ப்பமானால் போக்சோ (சிறார் மீதான பாலியல் குற்றத் தடுப்பு) சட்டப்படி போலீசுக்குத் தகவல் தரும் கடமை மருத்துவருக்கு உண்டு; அதற்காகக் கர்ப்பத்தை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அவள் பெயரை அந்தத் தகவலில் சொல்லத் தேவையில்லை என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. தாமதத்தில் இழப்பது நிறைய: முதல் மூன்று மாத ஃபோலிக் அமிலம், குறை கண்டறியும் 18-20 வார ஸ்கேன், கலைப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் அவகாசம்.

திருமணம் நடக்கப்போகிறது என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள். இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள். நடந்து முடிந்திருந்தால், "ஒரு வருஷம் ஆச்சே, விசேஷம் இல்லையா?" என்று அந்தப் பெண்ணை யாரும் கேட்காமலிருப்பதே முதல் உதவி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா கருத்தடை ஊசி அரசு மருத்துவமனைகளில் இலவசம். பிரசவமாகியிருந்தால் 48 மணி நேரத்துக்குள்ளேயே காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம். அடுத்த கர்ப்பத்துக்கு இரண்டு ஆண்டாவது இடைவெளி கிடைக்கும்.