கை நோகும் அம்மாவுக்குக் குட்டித் துப்பாக்கி வாங்காதீர்கள்

வெள்ளவத்தையில் கை மறுவாழ்வுச் சிகிச்சை செய்கிறவளுக்கும் கைத்துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இல்லாமல் இருந்தால் எனக்கும் நிம்மதிதான். ஆனால் டெக்சஸிலும் புளோரிடாவிலும் இருக்கிற பிள்ளைகள் விடுவதாக இல்லை. பாதி வருடம் அங்கே, பாதி வருடம் இங்கே என்று கிரீன் கார்ட்டோடு வாழும் பெற்றோர் கொழும்பில் இப்போது நிறையப் பேர். பிள்ளைகள் வேலைக்குப் போய்விட, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் அம்மாவின் பாதுகாப்புக்கென்று ஒரு துப்பாக்கியை வாங்கி வைத்துவிடுகிறார்கள். அப்புறம் அந்தக் கை என்னிடம் வருகிறது.

கடைசியாக வந்தவர் அறுபது வயதைத் தாண்டிய ஓர் அன்ரி. இரண்டு பெருவிரல்களின் அடி மூட்டும் தேய்ந்தவர். அவருக்குப் பெருவிரல் பட்டி செய்து கொடுத்ததே நான்தான். டல்லாஸில் மகன் சூட்டுப் பயிற்சிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். சுட்டதும் பின்னால் பாய்ந்த ஸ்லைட் — துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் ஓடும் உலோகப் பகுதி — அதன் பின்புறம் குறுக்கே கிடந்த இடது பெருவிரலைக் கிழித்துவிட்டது. தையல் போட்ட விரலோடும் வீங்கிய மணிக்கட்டோடும் திரும்பி வந்தார். மகன் வீடியோ கோலில் நியாயம் சொன்னார்: "இருக்கிறதிலேயே சின்னதைத்தான் வாங்கினேன் மிஸ். அம்மாவின் கையும் சின்னது, பலமும் இல்லைதானே?"

இந்த 'சின்னதைத்தான் வாங்கினேன்' எனக்குக் கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. தம்பிமாரே, தங்கச்சிமாரே, பலமில்லாத கைக்கு ஆகவே ஆகாதது அந்தக் குட்டித் துப்பாக்கிதான். கைப்பையில் வைத்துக்கொண்டு திரிவதற்குத்தான் அது சின்னது. இயக்குவதற்கு அல்ல.

நான் கொஞ்சக் காலம் டெக்சஸில் ஒரு கை சிகிச்சை நிலையத்தில் வேலை செய்தேன். மூட்டுவாதக்காரர்கள் "போத்தல் மூடி திறக்க முடியவில்லை" என்று சொல்வதைப் போலவே "ஸ்லைட் இழுக்க முடியவில்லை" என்று அங்கே சாதாரணமாகச் சொல்வார்கள். அதனால் துப்பாக்கிப் பயிற்சியாளர்களோடு உட்கார்ந்து இதையெல்லாம் பார்க்க வேண்டி வந்தது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். ஒரே ரவையைச் சுடும் இரண்டு துப்பாக்கிகளில் பாரம் குறைந்ததுதான் கையைக் கூடுதலாக உதைக்கும். பள்ளிக்கூட பௌதிகம், விளக்கத் தேவையில்லை. 380 ஏசிபி என்ற சின்ன ரவையைச் சுடும் மிகச் சிறிய பிஸ்டல்களில் சில வெறுமையாக 300 கிராம்கூட வராது. பிடியில் சின்னி விரலுக்கு இடமே இருக்காது. மூன்று விரலால் பிடித்த அந்தச் சாமான் உதைக்கும் உதை முழுவதையும் பெருவிரலின் அடி மூட்டும் மணிக்கட்டும்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே நோகிற இடங்களும் அவைதான்.

முதல் ரவையை ஏற்ற ஸ்லைட்டைக் கையால் பின்னால் இழுக்க வேண்டும், அந்த இழுப்பும் அப்படியே. ஸ்லைட் குட்டையானால் அதற்குள் இருக்கும் சுருள்வில்லும் குட்டையாகி இறுகிவிடும். பிடிக்க இடமும் குறையும். இதில் இன்னொரு பொறி இருக்கிறது. 380 என்றால் மெல்லிய ரவை, ஆகவே ஸ்லைட்டும் மெல்லியது என்று நினைப்பார்கள். வால்தர் பிபிகே போன்ற பழைய வடிவங்களில் குழல் அசையாமல் நிலையாக இருக்கும், சுடும்போது ஸ்லைட்டைப் பூட்டி வைக்க எதுவும் இல்லை. ஸ்லைட்டின் பாரமும் சுருள்வில்லின் இறுக்கமும்தான் அந்த வெடிப்பைத் தாங்க வேண்டும். அதனால் வில்லைக் கடுமையாக வைப்பார்கள். இதைவிடப் பலமான 9 மி.மீ ரவையைச் சுடும் சில துப்பாக்கிகளைவிட இவற்றை இழுப்பது கஷ்டம். ரவையின் பெயரைப் பார்த்து வாங்கினால் இப்படித்தான் ஏமாறுவீர்கள்.

அடுத்தது ரிவோல்வர். "ஸ்லைட்டே இல்லை மிஸ், விசையை அமுக்கினால் போதும்" என்பார்கள். அமுக்குவது யார்? ஒற்றைச் சுட்டுவிரல். குட்டி ரிவோல்வர்களின் நீண்ட விசை இழுப்புக்கு 4.5 முதல் 5.5 கிலோ வரை பலம் வேண்டும். சாதாரண குளொக் பிஸ்டலுக்கு ஏறக்குறைய 2.5 கிலோ. 22 காலிபர் ரிவோல்வர் என்றால் உதை குறையும், சரி. ஆனால் அதன் விசை பெரும்பாலும் இன்னும் கடினம். ரவையின் விளிம்பை அடித்துத்தான் அது வெடிக்க வேண்டும் என்பதால் அடிக்கும் வில்லைப் பலமாக வைக்கிறார்கள். அப்படி அடித்தும் வெடிக்காமல் போகும் ரவை மற்ற வகைகளைவிட இதில் அதிகம். ரவையை அடிக்கும் சுத்தியலைப் பெருவிரலால் பின்னால் இழுத்து வைத்தால் விசை மெல்லியதாகிவிடும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். தேய்ந்த பெருவிரலால் இழுத்ததைச் சுடாமல் மெதுவாகத் திரும்ப இறக்குவதும் அதே பெருவிரல்தான் என்பதை அவர்கள் சொல்ல மாட்டார்கள். இடையில் வழுக்கினால் வெடிக்கும்.

எங்கள் துறையில் 'பலமில்லாத கை' என்று ஒன்று கிடையாது. எந்தப் பலம் இல்லை என்றுதான் பார்ப்போம். முழுக் கைப்பிடியையும் கிள்ளுப்பிடியையும் தனித்தனியாகத்தான் அளப்போம். பிடிமானியில் 20 கிலோ காட்டும் ஓர் அம்மாவின் கிள்ளுப்பிடி 5, 6 கிலோவைத் தாண்டாது. பெருவிரல் அடி மூட்டு தேய்ந்திருந்தால் அதுவும் இல்லை. இப்போது ஸ்லைட்டை எப்படி இழுக்கிறார்கள் என்று பாருங்கள். சுட்டுவிரலுக்கும் பெருவிரலுக்கும் இடையில் கிள்ளிப் பிடித்து, கவண் இழுப்பது போல இழுப்பார்கள். கையில் மிகக் குறைந்த பலம் எதுவோ அதை வைத்து மிகக் கடினமான வேலையைச் செய்கிறார்கள். பிறகு "அம்மாவால் முடியவில்லை" என்கிறார்கள்.

அதற்குப் பதிலாக, இடது உள்ளங்கையை ஸ்லைட்டின் மேலே கவிழ்த்து, நான்கு விரல்களுக்கும் உள்ளங்கை அடிச்சதைக்கும் நடுவில் இறுக்கிப் பிடிக்க வேண்டும். முழங்கை உடம்போடு ஒட்டியிருக்க, இடது கை அப்படியே நிற்க, வலது கை துப்பாக்கியை முன்னால் தள்ள வேண்டும். தோளும் நெஞ்சும் வேலை செய்யும், பெருவிரலுக்கு வேலையே இல்லை. முடியாது என்று வந்தவர்களில் பலர் இப்படிச் செய்ததும் இழுத்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஓர் ஆபத்து உண்டு. தள்ளும் வேகத்தில் குழல் வாய் இடப்பக்கம் திரும்பி பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கும். உடம்பைத் திருப்புங்கள், குழல் வாய் பாதுகாப்பான திசையை விட்டு அசையக்கூடாது. சுட்டுவிரல் விசைக்கு வெளியேதான் இருக்க வேண்டும். வெறும் துப்பாக்கியில், ரவை வேறு அறையில் இருக்க, பயிற்சியாளர் பக்கத்தில் நிற்கப் பழகுங்கள்.

பலம் குறைந்தவர்களை நினைத்தே செய்த துப்பாக்கிகளும் இருக்கின்றன. ஸ்மித் அண்ட் வெசன் 2018இல் ஷீல்ட் ஈசி என்று ஒன்றை 380இல் கொண்டு வந்தது, பிறகு 9 மி.மீ வடிவமும் வந்தது. உள்ளே சுத்தியல் இருப்பதால் சுருள்வில்லை மெல்லியதாக வைக்க முடிந்திருக்கிறது. பிடிக்குள் செருகும் ரவைப் பெட்டியான மகஸினுக்கு ரவை போடும்போது வில்லைக் கீழே இழுத்துப் பிடிக்க ஒரு குமிழும் உண்டு. 380 வடிவத்தின் பாரம் ஏறக்குறைய அரைக் கிலோ. ருகர் நிறுவனத்திலும் எளிதில் இழுக்கும் ஸ்லைட் என்றே சில வருகின்றன. பெரெட்டா டொம்கட் என்ற 32 காலிபர் பிஸ்டலில் ஸ்லைட்டையே இழுக்கத் தேவையில்லை, ஒரு நெம்பைத் தள்ளினால் குழல் மேலெழும், ரவையைக் கையால் வைத்து மூடிவிடலாம். ஆனால் அதன் முதல் விசை இழுப்பு நீளமும் கடினமும். பக்கவாதத்தில் ஒரு கை போனவருக்கு அது கைகொடுக்கலாம், சுட்டுவிரல் மூட்டுவாதக்காரருக்கு ஆகாது. ஷீல்ட் ஈசியிலும் ஒரு சிக்கல்: பிடியின் பின்புறத்துப் பாதுகாப்புக் கட்டையை உள்ளங்கை முழுதாக அழுத்தாவிட்டால் சுடாது. நீரிழிவால் விரல்கள் விறைத்து, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் கும்பிட முடியாத கைகள் எத்தனை வருகின்றன தெரியுமா? அந்தக் கைக்கு அந்தக் கட்டை ஒவ்வொரு முறையும் அழுந்தும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

சுடும்போது மணிக்கட்டு தளர்ந்திருந்தால் துப்பாக்கியும் சேர்ந்து பின்னால் போகும். ஸ்லைட் முழுத் தூரம் ஓடாது, அடுத்த ரவை சிக்கும். சிக்கினால் மறுபடி ஸ்லைட் இழுக்க வேண்டும். முதல் முறை இழுக்கப் பட்ட பாடு ஞாபகம் இருக்கிறதா?

இதையெல்லாம்விட எனக்குக் கோபம் வருவது சோதித்துப் பார்க்கும் நேரத்தில்தான். ஞாயிறு மத்தியானம், சாப்பிட்டு, மாத்திரை போட்டு, கை நன்றாகச் சூடேறிய பிறகு அம்மாவைக் கடைக்குக் கூட்டிப் போகிறார்கள். அவர் இரண்டு தரம் இழுக்கிறார். ஆஹா, முடிகிறது! வாங்கியாயிற்று. மூட்டுவாதக் கை விடியற்காலையில் எப்படி இருக்கும் என்று வீட்டில் யாராவது பார்த்திருக்கிறீர்களா? தேநீர்க் கோப்பையைப் பிடிக்க ஒரு மணித்தியாலம் ஆகிறவர்கள் இருக்கிறார்கள். கதவு உடைக்க வருகிறவன் மாத்திரை வேலை செய்யும்வரை வாசலில் காத்திருக்கப் போவதில்லை. கையின் மோசமான நேரத்தில், வெறும் துப்பாக்கியில், பத்துத் தரம் தொடர்ந்து இழுக்கட்டும். பத்தாவதை முதலாவதைப் போலச் செய்ய முடிகிறதா, அடுத்த நாள் மூட்டு வீங்குகிறதா என்று பாருங்கள். 2025இல் இங்கே சிக்குன்குன்யா பரவியபின் வந்த கைகளில் இதை நன்றாகவே பார்த்தேன். காலையில் பொத்த முடியாத கை மாலையில் தேங்காய் துருவும்.

மணிக்கட்டு நரம்பு அழுத்தத்தால் விரல் மரத்தவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று. சுட்டுவிரல் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துத்தான் தெரியும் என்றால் துப்பாக்கி வேண்டாம். பலம் இருந்தாலும் வேண்டாம். முதலில் கைக்கு வைத்தியம் செய்யுங்கள். சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களில் பலருக்கு உணர்வு திரும்புகிறது.

விசையை மெல்லியதாக்க வில்லை வெட்டுகிறேன் என்று கிளம்பும் மச்சான்மார் தயவுசெய்து ஒதுங்கி நில்லுங்கள். மகஸினுக்கு ரவை போடக் கருவி விற்கிறார்கள், அதை வாங்கிக் கொடுங்கள், பெருவிரல் தப்பும். வாங்குவதற்கு முன் பயிற்சிக்கூடத்தில் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பாருங்கள். வயதான விரலின் ரேகை தேய்ந்திருக்கும் என்பதால் ரேகையால் திறக்கும் துப்பாக்கிப் பெட்டி பல தடவை திறக்காது, எண் அழுத்தும் பெட்டியைப் பாருங்கள். பேரப்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் தலையணைக்கு அடியில், கைப்பைக்குள் என்ற கதையே வேண்டாம். வீட்டில் ஒருவருக்கு மறதி நோயோ மனச்சோர்வோ இருந்தால் துப்பாக்கியை வீட்டுக்குள்ளேயே கொண்டு வராதீர்கள். அதைக் கெஞ்சித்தான் கேட்கிறேன்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாரும் கேட்பதில்லை. அம்மா சுற்றுலா வீசாவில் போயிருந்தால், வேட்டை அனுமதிப்பத்திரம் போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, துப்பாக்கியோ ரவையோ வைத்திருப்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். மகனுடையதுதானே என்பது சாட்டு ஆகாது. கிரீன் கார்ட் உள்ளவர் என்றாலும் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு, அங்குள்ள சட்டத்தரணியைக் கேளுங்கள். இங்கே கொழும்பில் பேச்சே வேறு. 1916ஆம் ஆண்டுச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது, அனுமதிப்பத்திரத்தை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். தற்பாதுகாப்புக்கென்று கொடுத்திருந்த துப்பாக்கிகளையும் மறுபரிசீலனைக்காக ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு 2024 இறுதியில் கேட்டது. செட்டியார் தெருப் பக்கத்து ஐயா ஒருவர் பக்கவாதம் வந்த கையோடு அனுமதித் துப்பாக்கியை லாச்சிக்குள் வைத்திருந்தார். ஒப்படைத்த அன்று அவருடைய மனைவிதான் நன்றாக நித்திரை கொண்டாராம்.

அமெரிக்காவில் அம்மா இருக்கும் வீட்டில் முதலில் கதவு நிலையையும் பூட்டையும் பலப்படுத்துங்கள். வெளியே ஆள் நடமாடினால் எரியும் விளக்குப் போடுங்கள். படுக்கை அறைக்கு உள்ளிருந்து பூட்டும் கனமான கதவு ஒன்று, தலைமாட்டில் 911 அழைக்க ஒரு தொலைபேசி. இவற்றுக்குக் கிள்ளுப்பிடி தேவையில்லை. அதற்குப் பிறகும் துப்பாக்கி வேண்டும் என்று அம்மாவே சொன்னால் — அம்மாவே, நீங்கள் அல்ல — அப்போது பார்க்கலாம்.

இந்த விஷயமாக என்னிடம் வருகிறவர்கள் துப்பாக்கியின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி "இது சரியா மிஸ்" என்று கேட்க வேண்டாம். அம்மாவைக் காலை நேரத்தில், மாத்திரை போடுவதற்கு முன், கூட்டி வாருங்கள். பிடி, கிள்ளுப்பிடி, சுட்டுவிரல், தொடு உணர்வு எல்லாம் அளந்து எழுதித் தருகிறேன். அந்தத் தாளைப் பயிற்சியாளரிடம் கொடுங்கள். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.