தலைமுடி பின்னுற பேயும் ஒரு மணி மெசேஜும்

ஹூஸ்டன்ல ஒரு ஹைஸ்கூல்ல லைப்ரரியனா இருக்கேன். போன மாசம் நம்மூர் அம்மா ஒருத்தங்க ஒரு புக்கை டேபிள்ல கவிழ்த்து வெச்சு, "இந்தப் பேய்க் கதையெல்லாம் ஏங்க குடுக்கறீங்க, பொண்ணு மூணு நாளா லைட்டை அணைக்க விட மாட்டேங்கறா"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான்.

மத்திய அமெரிக்காவுல இருக்கற குவாத்தமாலா, எல் சால்வடார், ஹோண்டுராஸ் பக்கத்துப் பேய்களை வெச்சு டீனேஜ் பசங்களுக்கு எழுதுற ஹாரர் நாவல்தான் அது. எங்க ஸ்கூல்ல சால்வடார் பசங்க நிறைய, அவங்களுக்கு இது பாட்டி சொன்ன கதை. ராத்திரி ஆத்தங்கரையில முடியை விரிச்சுப் போட்டுக் குளிக்கிற பொண்ணு, ஆம்பள கிட்ட போனதும் திரும்பினா குதிரை மூஞ்சி, அது சிகுவானாபா. குடிச்சிட்டு லேட்டா வீட்டுக்குப் போறவனுக்குன்னே செஞ்ச பேய்.

ஆனா நான் சொல்ல வந்தது குவாத்தமாலாவோட சோம்ப்ரெரோன் பத்தி. குள்ளமா ஒரு ஆளு, தலையைவிடப் பெரிய தொப்பி, பளபளன்னு பூட்ஸ், கையில கிட்டார். பெரிய கண்ணும் நீள முடியும் இருக்கற பொண்ணாப் பாத்து ராத்திரி ஜன்னலுக்கு வெளிய பாடுவான், அவ முடியைப் பின்னி விடுவான். அப்புறம் அவ தட்டுல மண்ணு விழ ஆரம்பிக்கும், சாப்பிட முடியாது, தூக்கமும் போயிடும், பொண்ணு இளைச்சுக்கிட்டே போவா.

இதை ரீடிங் கிளப்ல படிச்சப்ப ஒரு பொண்ணு, "மிஸ், இவன் டிஎம்ல வர்றவன் மாதிரியே இருக்கான்"னா. எல்லாரும் சிரிச்சாங்க, அவ சிரிக்கல. பெல் அடிச்சும் பையை மாட்டாம சேரை உள்ள தள்ளறதும் வெளிய இழுக்கறதுமா நின்னா, மெதுவா கேட்டதுல யாரோ தினமும் ராத்திரி ஒரு மணிக்கு மெசேஜ் பண்றான், மொதல்ல உன் முடி அழகுன்னான், இப்ப ஃபோட்டோ கேக்கறான்னு வந்துச்சு. அன்னைக்கே கவுன்சிலர்கிட்ட கூட்டிட்டுப் போயிட்டேன். நேரா கேட்டிருந்தா சொல்லியிருப்பாளான்னு தெரியல, பேயைப் பத்திப் பேசற சாக்குல வாய்ல வந்துடுச்சு.

கதையில அப்பா அம்மா என்ன பண்ணுவாங்கன்னா பொண்ணோட முடியை வெட்டி சர்ச்சுக்குக் கொண்டுபோய் புனித நீர் தெளிப்பாங்க. வந்தவன் பாட்டுக்கு அடுத்த தெருவுக்குப் போயிடுவான். எனக்கு எப்பவுமே கடுப்பாகுற இடம் இது, ஏன்னா நாமளும் மொதல்ல ஃபோனைத்தானே புடுங்கறோம்? முடி போனது அவளுக்குத்தான், அடுத்த தடவை வாயே தொறக்க மாட்டா. மெசேஜை அழிக்காம ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கிட்டு, ஆளை பிளாக் பண்ணி, ரிப்போர்ட் பண்ணுங்க. அவளைத் திட்டாதீங்க, அவ்ளோதான்.

அந்த அம்மாகிட்டயும் இதைத்தான் சொன்னேன். மூணு நாள் லைட் எரிஞ்சா பரவால்லங்க, ஹாரர் படிச்சா பயம் வரும், அதுக்குத்தான் படிக்கறாங்க. எந்த சீன்ல பயந்தேன்னு பக்கத்துல உக்காந்து கேளுங்க. வாரக்கணக்கா தூக்கமில்ல, சாப்பாடு இறங்கல, ஸ்கூலுக்குப் போக மாட்டேங்கறான்னா புக் மேல பழி போட்டுட்டு விட்றாதீங்க.

ஆனா எல்லாப் பிள்ளைக்கும் இது ஒத்துவராது. 2014 நிதியாண்டுல மட்டும் பெரியவங்க துணையில்லாம அமெரிக்க பார்டர்ல பிடிபட்ட பசங்க 68,000க்கு மேல, அதுல முக்கால்வாசி இந்த மூணு நாட்டுப் பசங்க. அப்படித் தனியா வந்த பையன் ஒருத்தன் கிளப்ல இருந்தான், ராத்திரி ஆத்தைக் கடக்கற ஒரு பக்கம் வந்ததும் புக்கை மூடி வெச்சிட்டு எழுந்து போயிட்டான். நான் ஒண்ணும் கேக்கல. ரெண்டு நாள் கழிச்சு அவனே வந்தப்ப, ராத்திரி தனியா நடக்கறவங்க கூடவே காவலா வர்ற வெள்ளை நாய், காதேஹோ கதையை எடுத்துக் குடுத்தேன். இப்பெல்லாம் ஆத்து சீன் இருக்கற புக்னா குடுக்கும்போதே சொல்லிடறேன்.