டக் டக் டக்: திறப்பைத் திருப்பினால் காருக்குள் என்ன நடக்கிறது?

கொக்குவிலில் இருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "கனடாவிலிருந்து வந்த அண்ணா திரும்பிப் போய் மூன்று மாதம். அவர் ஓடின கார் கொட்டிலுக்குள்ளேயே நிக்குது. நேற்றுத் திறப்பைத் திருப்பினா டக் டக் டக் எண்டு சத்தம் மட்டும் வருது. உள்லைற் எரியுது, ஹோர்ன் அடிக்குது. அப்ப பற்றரி நல்லம்தானே? பக்கத்து வீட்டு மாமி நாவூறு எண்டு தேங்காய் உடைக்கச் சொல்லுறா."

லைற் எரிவதை வைத்துப் பற்றரி நல்லது என்று சொல்ல முடியாது. உள்லைற்றுக்கு ஓர் அம்பியர்கூடத் தேவையில்லை. எஞ்சினைச் சுழற்றும் ஸ்ராட்டர் மோட்டருக்கோ 150, 200 அம்பியர் வேண்டும். பற்றரியின் முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்து, அந்த இடத்தில் 0.05 ஓம் தடை உண்டாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் அம்பியர் ஓடும்போது அங்கே இழக்கப்படுவது 0.05 வோல்ற்று, லைற்றில் ஒரு மாற்றமும் தெரியாது. 100 அம்பியர் ஓட முயன்றால் 5 வோல்ற்று அங்கேயே போய்விடும். பற்றரி பழையதாகி அதன் அகத்தடை கூடினாலும் இதே கணக்குத்தான்.

சரி, அந்த 'டக்' எங்கிருந்து வருகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

200 அம்பியரைத் திறப்பின் சின்ன சுவிட்சுக்குள்ளால் அனுப்பினால் அது உருகிவிடும். அதனால் ஸ்ராட்டரின் முதுகில் சொலினொயிட் என்று ஒரு சிறு உருளை இருக்கிறது. நாம் பள்ளியில் வரிச்சுருள் என்று படித்த அதே சாமான். திறப்பைத் திருப்பியதும் சுருள் காந்தமாகி, நடுவில் உள்ள இரும்புத்தண்டை உள்ளே இழுக்கிறது. தண்டு ஒரு பக்கம் பற்சில்லைத் தள்ளி எஞ்சினின் பெரிய சில்லோடு கோக்கிறது. மறுபக்கம் தடித்த செப்புத் தொடுகையை மூடி மோட்டருக்கு மின்னைத் திறந்துவிடுகிறது. தண்டு போய் மோதும் சத்தம்தான் 'டக்'.

உள்ளே இருப்பது ஒரு சுருள் அல்ல, இரண்டு. ஒன்று தடித்த கம்பி, இழுக்கும் சுருள். மற்றது மெல்லிய கம்பி, பிடித்துவைக்கும் சுருள். தண்டு தூரத்தில் நிற்கும்போது இழுக்கப் பலம் வேண்டும். உள்ளே வந்தபின் பிடித்துவைக்கக் கொஞ்சம் போதும். இழுக்கும் சுருளின் மறுமுனை மோட்டரோடு இணைந்திருக்கிறது. தொடுகை மூடியவுடன் அந்த முனைக்கும் பற்றரியின் முழு மின்னழுத்தம் (வோல்ற்று) வந்துவிடுகிறது. இரண்டு முனையிலும் ஒரே அழுத்தம் என்றால் மின்னோட்டம் இல்லை. வேலை முடிந்த அந்தக் கணத்திலேயே சுருள் தானாக ஓய்ந்துவிடுகிறது! திறப்பை விட்டதும், தொடுகை இன்னும் மூடியிருப்பதால், மின்னோட்டம் மோட்டர் பக்கமாக வந்து, இழுக்கும் சுருளில் எதிர்த்திசையில் ஓடி, மற்றதில் வழக்கமான திசையில் ஓடுகிறது. இரண்டிலும் சுற்றுகள் சமம் என்பதால் காந்தம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, வில் தண்டை வெளியே தள்ளுகிறது. ஒரு சில்லுக்கணினியும் இல்லாமல் வெறும் கம்பிச்சுற்றிலேயே இதை யோசித்து வைத்திருக்கிறார்கள். பழைய இரும்புக்கடையில் கிடக்கும் ஒரு ஸ்ராட்டரைப் பிரித்துக் காட்டினால் மின்காந்தவியல் ஒரே நாளில் பிடிபடும். நமது பாடசாலை ஆய்வுகூடங்களுக்கு ஒதுக்கும் பணத்தில் கொஞ்சம் இதற்குப் போகவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இப்போது பற்றரி நலிந்திருக்கிறது. தண்டை இழுக்க அதற்குப் பலம் உண்டு. டக். தொடுகை மூடுகிறது, மோட்டர் ஒரேயடியாக மின்னை உறிஞ்சுகிறது, அழுத்தம் சரிகிறது. பிடித்துவைக்கும் சுருளால் தாங்க முடியாமல் தண்டு வெளியே வருகிறது. மோட்டர் துண்டிக்கப்பட்டதும் அழுத்தம் மீள்கிறது, மறுபடி டக். பள்ளிக்கூட மின்மணி அடிப்பதும் இப்படித்தான்: இழுத்த கையாலேயே தன் மின்னைத் துண்டித்துக்கொள்வது.

ஆகவே சத்தம் ஏற்கனவே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. தொடர்ந்து டக் டக் என்றால் பெரும்பாலும் பற்றரி அல்லது அதன் இணைப்பு. ஒரேயொரு கனத்த டக்கோடு நின்று, ஹெட்லைற்றும் மங்காமல் இருந்தால் மோட்டருக்கு மின் போகவில்லை: தொடுகை கருகியிருக்கலாம், பிரஷ் (மோட்டரின் சுழலும் பகுதிக்கு மின்னைக் கொடுக்கும் கரித்துண்டு) தேய்ந்திருக்கலாம். சத்தமே இல்லையென்றால் திறப்புச் சுவிட்ச், ரிலே, வயர் பக்கம் பாருங்கள். பிரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட் கார்களில் இந்த ஸ்ராட்டரே இல்லை, அது வேறு கதை.

மீற்றர் இருந்தால் இன்னும் தெளிவு. நிறைந்த பற்றரி 12.6 வோல்ற்று காட்டும். திறப்பைத் திருப்பும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் அது களைத்துவிட்டது. அப்புறம் மீற்றரின் ஒரு கம்பியைப் பற்றரியின் ஈயக் குமிழிலும், மற்றதை அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பிலும் வைத்து ஒருவரைத் திறப்பைத் திருப்பச் சொல்லுங்கள். அங்கே அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் குற்றவாளி அந்த இணைப்புத்தான். கடற்காற்றும் உப்பும் உள்ள நமது ஊரில் இதை முதலில் பார்க்கவேண்டும். எஞ்சினுக்கும் காரின் இரும்பு உடலுக்கும் (பொடி) இடையிலான ஏர்த் வயரிலும் கறல் பிடிக்கும்.

இங்கே பழைய ஏ40, மொறிஸ் மைனர் கார்களுக்கு முன்னால் உள்ள துளையில் கைபிடி போட்டு எஞ்சினைச் சுற்றுவார்கள். இன்றைய காரில் அந்தத் துளையே இல்லை.

நாவூறு பற்றி: மாமியின் அன்பு எனக்கு விளங்குகிறது. ஆனால் தேங்காய் உடைத்துவிட்டு ஒரு மாதம் காத்திருந்தால் அந்தப் பற்றரிக்கு உண்மையாகவே கேடு வரும். மின் இறங்கிய ஈயத்தகட்டில் ஈயசல்பேற்று படிகிறது. உடனே ஏற்றினால் அது கரைந்துவிடும். விட்டுவைத்தால் பெரிய பளிங்காக இறுகி, பிறகு எத்தனை மணிநேரம் சார்ஜ் போட்டாலும் முழுதாக மீளாது. நமது வெயில் அதை இன்னும் விரைவாக்கும். ஆகவே இன்றைக்கே சார்ஜ் போடுங்கள், தங்கச்சி.

முனை பூத்திருந்தால் சுடுதண்ணீரில் அப்பச்சோடா கரைத்துக் கழுவி, உலர்த்தி, கிறீஸ் பூசுங்கள். கழற்றும்போது முதலில் கழித்தல் முனை, பூட்டும்போது அதைக் கடைசியாக. முறை மாறி, கூட்டல் முனையில் இருக்கும் ஸ்பனர் பொடியில் பட்டால், மோட்டருக்குப் போகவேண்டிய அத்தனை அம்பியரும் அந்த ஸ்பனருக்குள்ளால் ஓடும்.