வழக்கு நம்பர் ஆகும் முன்பே கரைந்துபோகும் அட்வான்ஸ்

மாத வாடகை 15,000 ரூபாய், அட்வான்ஸ் மூன்று மாத வாடகையான 45,000 என்று வைத்துக்கொள்வோம். ஜூன், ஜூலை வாடகை வரவில்லை. ஆகஸ்ட் முதல் வாரத்தில் வக்கீல் நோட்டீஸ் போகிறது. பாக்கியைக் கட்ட வாடகைதாரருக்குச் சட்டம் ஒரு மாதம் தருகிறது. அது முடிந்து செப்டம்பரில் வீட்டைக் காலி செய்யக் கேட்டு வாடகை நீதிமன்றத்தில் மனு போடும்போது ஆகஸ்ட் வாடகையும் சேர்ந்து பாக்கி 45,000 ஆகிவிடும். வழக்கு தொடங்கும் நாளிலேயே அட்வான்ஸ் தீர்ந்துவிட்டது. அதன்பின் ஓடும் ஒவ்வொரு மாதமும் வீட்டுக்காரரின் கைக்காசுதான்.

வங்கித் தவணையும் அரையாண்டுச் சொத்து வரியும் வழக்கு முடியட்டும் என்று காத்திருக்காது. மின் இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருப்பதால் கரண்ட் பில் பாக்கியும் அவர் தலையில்தான் விழும். பத்து வீடு வைத்திருப்பவர் இதைத் தாங்கிவிடுவார். ஒரே ஒரு மாடி போர்ஷனின் வாடகையில் மருந்து வாங்கும் ஓய்வூதியக்காரர்தான் நொடிந்துபோகிறார்.

தமிழ்நாட்டில் 1960-ம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-ல் இயற்றிய புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. காலி செய்யச் சொல்வதற்கான காரணங்கள் 21-ம் பிரிவில் இருக்கின்றன: எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் போடாதது, இரண்டு மாத வாடகை பாக்கி, அனுமதியில்லாமல் உள்வாடகைக்கு விட்டது, சொந்தத் தேவை போன்றவை. நோட்டீஸில் ஒரு காரணத்தைச் சொல்லிவிட்டு மனுவில் வேறொன்றை எழுதினால், முதல் வாய்தாவிலேயே எதிர்த்தரப்புக்கு ஆயுதம் கொடுத்தது போலாகிவிடும்.

தாமதம் பெரும்பாலும் சம்மனிலேயே ஆரம்பிக்கிறது. ‘வீடு பூட்டியிருந்தது’ என்று அது திரும்பி வரும். மறுபடி அனுப்ப வேண்டும், கதவில் ஒட்ட வேண்டும், கடைசியில் பத்திரிகை விளம்பரம் வரைக்கும் போகும். இப்படியே எக்ஸ்பார்ட்டி உத்தரவு, அதாவது எதிர்த்தரப்பு வராமலேயே தரப்படும் உத்தரவு வாங்கினால், சம்மனே வரவில்லை என்று அதை ரத்து செய்ய மனு வரும். வழக்கு திரும்ப முதல் படியில் நிற்கும். ஒப்பந்தத்தில் வாடகைதாரரின் சொந்த ஊர் முகவரி, வேலை பார்க்கும் இடம், வாட்ஸ்அப் எண், மின்னஞ்சல் நான்கையும் எழுதி வாங்குங்கள். சம்மன் சேர்ந்ததை நிரூபிக்க அன்றைக்கு அவைதான் கைகொடுக்கும். ஒப்பந்தத்தை வாடகை அதிகார அமைப்பில் பதிந்து பதிவெண்ணும் வாங்கி வையுங்கள். 11 மாதம் முடிந்ததும் புதுப்பிக்காமல் விடுவதுதான் நிறைய பேர் செய்யும் தவறு.

கோபத்தில் கரண்டையோ தண்ணீரையோ நிறுத்தாதீர்கள். சட்டத்தின் 20-ம் பிரிவு அதைத் தடுக்கிறது. ஒரு வழக்கு இரண்டாகும், அதில் நீங்கள் குற்றம் செய்தவராக நிற்பீர்கள். நோட்டீஸுக்குப் பிறகு ஜிபே-யில் வந்து விழும் பணமும் சிக்கல்தான். பேசாமல் வைத்துக்கொண்டால் ‘நோட்டீஸைக் கைவிட்டுவிட்டார்’ என்று வாதாடுவார்கள். ‘இதைப் பழைய பாக்கியில் வரவு வைத்தேன், நோட்டீஸ் அப்படியே நிற்கிறது’ என்று பதிவுத்தபாலில் உடனே ஒரு கடிதம் போட்டுவிடுங்கள். வராத வாடகைக்கு வருமான வரியில் விலக்கு கேட்கவும் இந்தக் கடிதம், நோட்டீஸ், மனு நகல் எல்லாம் ஆதாரமாகும்.

காலி செய்யச் சொல்லும் உத்தரவு கிடைத்துவிட்டது என்று நிம்மதியாகிவிட முடியாது. மேல்முறையீட்டில் இடைக்காலத் தடை வாங்குவார்கள். தடையே கூடாது என்று மட்டும் வாதாடினால் போதாது. தடை தருவதானால், இன்றைய சந்தை வாடகையை மாதாமாதம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு தரும்படி கேளுங்கள். ஆத்மா ராம் பிராப்பர்டீஸ் வழக்கில் 2004-லேயே உச்ச நீதிமன்றம் இதற்கு வழி திறந்துவிட்டது. பழைய 15,000-ஐயே கட்டிக்கொண்டு இருக்கலாம் என்றால் வாடகைதாரருக்கு இழுத்தடிப்பது லாபம். சந்தை வாடகை 22,000 என்று வைத்து அதைக் கட்டச் சொன்னால் அந்தக் கணக்கு மாறிவிடும். வீட்டுக்காரர்கள் இந்த ஒரு மனுவைப் போடாமல் விடும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது.

அடுத்தது உத்தரவை நடைமுறைப்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனு, வழக்கு மொழியில் இ.பி. அதை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2021-ல் ராகுல் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மனுவிலேயே அதைக் குறிப்பிடுங்கள். உத்தரவை நிறைவேற்ற வரும் நீதிமன்ற ஊழியரான அமீனா வாசலுக்கு வந்ததும் உள்ளேயிருந்து மைத்துனர் ஒருவர் வந்து, ‘நான்தான் வாடகைதாரர்’ என்பார். இந்த ஆட்சேபணையை விசாரிக்கவே சில மாதம் போய்விடும். வீட்டில் யார் யார் குடியிருப்பார்கள் என்று ஒப்பந்தத்தில் பெயரோடு எழுதி ஆதார் நகலும் இணைத்திருந்தால் மைத்துனரின் பேச்சு எடுபடாது. எதிர்ப்பு வரும் என்று தோன்றினால் போலீஸ் பாதுகாப்பு கேட்டு முன்கூட்டியே தனி மனு போடுங்கள்.

அந்த நாளில் பூட்டுக்காரரும் இரண்டு சாட்சிகளும் கூட இருக்கட்டும். கிடக்கும் சாமான்களுக்கு ஒரு பட்டியல் எழுதுங்கள். மின் மீட்டர் ரீடிங்கைத் தேதியோடு படமெடுங்கள். சாவி கைக்கு வந்ததை அமீனாவின் அறிக்கையில் எழுதவைத்துக் கையெழுத்துப் போட்ட பிறகே வாசற்படி இறங்குங்கள்.