சிவப்பு விளக்கோடு திரியும் ஆழ்கடல் மீன்

“வெயிலே எட்டாத ஆழத்தில் வாழும் மீனுக்குக் கண் எதற்கு?” என்று ஒரு பள்ளி மாணவி எழுதிக் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. குகைக்குள் வாழும் மீன்கள் பல, தலைமுறை தலைமுறையாக இருட்டிலேயே கிடந்து கண்ணை இழந்துவிட்டன. அந்தக் கணக்கில் ஆழ்கடல் மீன்களும் குருடாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் 500, 1,000 மீட்டர் ஆழத்தில் வலை போட்டு எடுத்த மீன்களைப் பார்த்தால், பலவற்றுக்குத் தலையில் பாதி கண்ணாக இருக்கிறது.

காரணம், அங்கேயும் வெளிச்சம் உண்டு. உயிர்கள் தாமே உண்டாக்கிக்கொள்ளும் வெளிச்சம் அது. மின்மினியின் வயிற்றில் நடப்பதைப் போன்ற வேதிவினைதான். லூசிஃபெரின் வகைப் பொருள் ஆக்சிஜனோடு சேரும்போது ஒளி பிறக்கிறது. இரையை இழுக்க, எதிரியைத் திகைக்க வைக்க, துணையைக் கூப்பிட என்று எல்லாவற்றுக்கும் அங்கே விளக்குதான். பள்ளிப் பாடத்திலேயே இது ஓரளவு வந்துவிடுகிறது. நான் சொல்ல வந்தது அந்த விளக்குகளின் நிறத்தைப் பற்றி.

சூரிய ஒளியில் உள்ள சிவப்பைக் கடல்நீர் மேலே சில பத்து மீட்டருக்குள்ளேயே உறிஞ்சிவிடும். ஆழம் வரை போவது நீலம் மட்டும். அதனால் ஆழ்கடல் உயிர்களின் விளக்குகள் பெரும்பாலும் நீலமாக இருக்கின்றன, கண்களும் நீலத்தைப் பார்ப்பதற்கென்றே அமைந்திருக்கின்றன. அங்கே வாழும் இறால் பல, மேலே கொண்டுவந்தால் செக்கச்செவேல் என்று இருக்கும். கீழே நீல ஒளி பட்டால் அந்தச் சிவப்பு உடம்பு எதையும் திருப்பி அனுப்பாது, கறுப்பாக இருட்டோடு கலந்துவிடும். சிவப்பைப் பார்க்கும் கண்ணே இல்லாத ஊரில் சிவப்புச் சட்டை நல்ல மறைவிடம்.

சரி, அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மீன் மட்டும் சிவப்பு விளக்கு வைத்திருந்தால்?

இருக்கிறது. டிராகன் மீன் கூட்டத்தைச் சேர்ந்த மாலகோஸ்டியஸ் நைகர். கருத்த உடம்பு, ஒரு சாண் சொச்சம் நீளம். உடம்பில் கால் பங்கு நீளத்துக்குத் தாடை. அந்தத் தாடைக்கு அடிப்பக்கம் தோலே கிடையாது, இரண்டு எலும்புகளுக்கு நடுவே திறந்த வெளிதான். கண்ணுக்குப் பின்னால் நீலப்பச்சையாக ஒளிரும் ஒரு விளக்கு உண்டு, அது மற்ற மீன்களிடமும் இருப்பதுதான். கண்ணுக்குக் கீழே இருக்கும் இன்னொரு விளக்கில்தான் விஷயம். அதற்குள் பிறக்கும் ஒளியின் ஆற்றலை ஒரு புரதம் வாங்கிச் சிவப்பாக வெளியிடுகிறது. வாசலில் பழுப்பு நிற வடிகட்டி ஒன்று நின்று, மிச்சமுள்ள மற்ற நிறங்களையும் தடுத்துவிடுகிறது. வெளியே வருவது ஏறக்குறைய 705 நானோமீட்டர் அலைநீளமுள்ள அடர்சிவப்பு. நம் கண்ணுக்கே மங்கலாகத்தான் தெரியும்.

விளக்கு இருந்தால் போதாது, அந்த ஒளி தன் கண்ணுக்குத் தெரியவும் வேண்டும். என்னை மயக்கிய இடம் இதுதான்.

பார்வை என்பது விழித்திரையில் உள்ள ஒரு நிறமி ஒளியை உறிஞ்சி வடிவம் மாறுவதில் தொடங்குகிறது. இந்த மீனின் விழித்திரை நிறமிகள் நன்றாக உறிஞ்சுவது 520, 540 நானோமீட்டர் அருகே, அதாவது பச்சை ஒளியை. 705-க்கு அவை எட்டவே எட்டாது. இதன் உறவினர்களான அரிஸ்டோஸ்டோமியாஸ், பாக்கிஸ்டோமியாஸ் மீன்களும் சிவப்பு விளக்கு வைத்திருப்பவைதான். அவை தம் நிறமிகளையே சிவப்புப் பக்கம் நகர்த்திக்கொண்டன. மாலகோஸ்டியஸ் அப்படிச் செய்யவில்லை. அப்புறம் எப்படிப் பார்க்கிறது?

1998இல் ரான் டக்ளஸ், ஜூலியன் பார்ட்ரிஜ் முதலான ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் விடை சொன்னார்கள். அதன் விழித்திரையில் பச்சையத்திலிருந்து வந்த ஒரு பொருள் இருக்கிறது! செடியின் பச்சையத்துக்கு நெருங்கிய உறவான, ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாக்களின் பச்சையம், நடுவில் இருக்கும் மெக்னீசியத்தை இழந்து வந்த வடிவம். சிவப்பு ஒளியை உறிஞ்சுவது பச்சைய வகைப் பொருள்களுக்குக் கைவந்த கலை. மீன் கண்ணில் அது சிவப்பு ஒளியைப் பிடித்து, அந்த ஆற்றலைப் பக்கத்தில் இருக்கும் பார்வை நிறமியிடம் கைமாற்றிவிடுகிறது. நிறமி தானே ஒளியை வாங்கியதுபோல வடிவம் மாறுகிறது, நரம்புக்குச் செய்தி போகிறது. இலைக்குள் பச்சையத்தில் பெரும்பங்கு செய்வதும் இதே வேலைதான்: ஒளியைப் பிடித்துப் பக்கத்து மூலக்கூறிடம் தள்ளிவிடுவது. இலையில் அது உணவாக முடிகிறது, இந்த மீனில் பார்வையாக முடிகிறது.

விலங்குகளால் பச்சையம் தயாரிக்க முடியாது. வெயிலே படாத ஆழத்தில் அது எங்கிருந்து வந்தது? 2005இல் ட்ரேசி சட்டன் என்ற ஆய்வாளர் இந்த மீன்களின் வயிற்றை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை வழி காட்டியது. பெரிய இரையை விழுங்கத் தோதான கோரப் பற்களும் தாடையும் இருந்தும், இது அதிகம் தின்பது கோபிபாட் என்ற அரிசி மணியளவுக் கடலுயிர்களைத்தான். கோபிபாட் தின்பதோ ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்ணுயிர்களை. சிவப்பைப் பார்க்கத் தேவையான பொருள் இந்த வழியாகவே வந்து சேர்கிறது என்பது அவருடைய கருத்து. எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது.

இந்த வசதிக்கு ஓர் எல்லையும் உண்டு. 705 நானோமீட்டர் ஒளி நீரில் ஒரு மீட்டர் போவதற்குள் பாதியாகிவிடும். ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் இரைமேல் பட்டுத் திரும்பி வருவதற்குள் கால் பங்குதான் மிஞ்சும். எட்ட இருக்கும் எதுவும் தெரியாது. மெதுவாக மிதந்துகொண்டு, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் சிறு உயிர்களை, அவற்றுக்குத் தெரியாமல் வெளிச்சம் போட்டுப் பொறுக்கித் தின்னும் பிழைப்புக்கு அது போதும்.

நம் செய்திகளில் ஆழ்கடல் மீன் வந்தால் அது கெட்ட சகுனமாகத்தான் வருகிறது. 2025இல் தமிழ்நாட்டுக் கடலில் ஒரு துடுப்பு மீன் பிடிபட்டபோது, பூகம்பம் வரப்போகிறது, அழிவு வரப்போகிறது என்று எத்தனை காணொளிகள்! ஜப்பானிய ஆய்வாளர்கள் 1928 முதல் 2011 வரை ஆழ்கடல் மீன்கள் தென்பட்ட 336 பதிவுகளை நிலநடுக்கங்களோடு ஒப்பிட்டு, ஒரே ஒரு பொருத்தம்தான் கிடைத்தது என்று 2019இலேயே வெளியிட்டுவிட்டார்கள். அதைச் சொல்ல ஒரு நிமிடம் ஒதுக்கியிருக்கலாம். பயத்தைக் கிளப்பிவிட்டால் மீனவர்தான் அந்த மீனைக் கையில் வைத்துக்கொண்டு தவிக்கிறார்.

ஆழ்கடல் திட்டத்துக்கு ஒன்றிய அரசு 2021இல் 4,077 கோடி ரூபாய் ஒப்புதல் தந்தது. மூன்று பேரை 6,000 மீட்டருக்குக் கொண்டுபோகும் ‘மத்ஸ்யா 6000’ வாகனம், சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தில் உருவாகிறது. பேச்சு என்னவோ பெரும்பாலும் கடலடியில் கிடக்கும் உலோக உருண்டைகளைப் பற்றியே இருக்கிறது. உயிரினங்களைப் படிப்பதற்கு அதில் கணிசமான பங்கு தனியாக ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மீன் கண்ணில் பச்சையம் இருக்கும் என்று யாரும் முன்கூட்டியே திட்ட அறிக்கை எழுதியிருக்க முடியாது.

அப்படி உயிர்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு விளக்கு விஷயமே முதல் சிக்கல். வெள்ளை விளக்கைப் போட்டால் பல உயிர்கள் மிரண்டு ஓடும். அதனால் ஆழ்கடல் கேமராக்களில் சிவப்பு விளக்கைப் பயன்படுத்தும் வழக்கம் உண்டு, பெரும்பாலான மீன்களுக்கு அது தெரியாது. மாலகோஸ்டியஸைப் படம் பிடிக்க மட்டும் அந்த உத்தி பலிக்காது.