திருகோணமலை வெக்கையில லெப்பர்ட் கெக்கோ: சூடாக்கிறதில்லை, ஒதுங்க இடம் குடுக்கிறது தான் வேலை

லெப்பர்ட் கெக்கோ எண்ட வளப்புப் பல்லியை எப்பிடி வளக்கிறது எண்டு நெட்ல தேடினா வாறது எல்லாம் இங்கிலாந்து, கனடா பக்கத்து ஆக்கள் சொல்லுறது தான். அவைக்கு வருசத்தில பாதி குளிர், அதால முதல் வாங்கச் சொல்லுற சாமானே ஹீட் மேட்டும் ஹீட் லாம்பும் தான். அதை அப்பிடியே நம்பி உப்புவெளியிலயோ மடத்தடியிலயோ ஒரு தகரக் கூரை வீட்டுக்குள்ள கண்ணாடித் தொட்டியை வச்சு, கீழயும் சூடு மேலயும் சூடு குடுத்தா அந்தச் சீவன் உள்ளுக்க கிடந்து அவிஞ்சு போயிடும். இஞ்ச கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில மத்தியானம் 35 பாகை தாண்டுற நாள் கன இருக்கு. சூடு எங்களுக்குச் சும்மா கிடைக்குது, இல்லாதது அந்தச் சூட்டில இருந்து ஒதுங்க ஒரு இடம். இது ஏன் இவ்வளவு முக்கியம் எண்டு விளங்கோணும் எண்டா அதின்ட உடம்பு எப்பிடி ஓடுது எண்டு பாக்கோணும்.

வாங்க நினைக்கிற ஆக்களுக்கு அதுக்கு முதல் ஒரு விசயம். இது எங்கட நாட்டுச் சீவன் இல்லை. வெளிநாட்டில இருந்து ஊர்வன கொண்டு வாறதுக்கு வனசீவராசிகள் திணைக்களத்தின்ட அனுமதி வேணும், அதால விக்கிற ஆளிட்ட கடதாசியைக் கேளுங்கோ, இல்லை எண்டா விட்டிட்டு வாங்கோ. அதுக்குப் பதிலா காட்டுப் பக்கம் போய் எங்கட தரைப்பல்லியளைப் பிடிச்சு வளப்பம் எண்டும் நினைக்காதேங்கோ. அதுகளுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கு, அதோட இலங்கையில மட்டுமே இருக்கிற பல்லி இனங்கள் கன.

லெப்பர்ட் கெக்கோன்ட ஊர் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், இந்தியாவின்ட வடமேற்கு மூலை. கல்லும் முள்ளும் காஞ்ச புல்லுமான நிலம். கல்கத்தா ஏசியாற்றிக் சொசைட்டி மியூசியத்தைப் பாத்துக்கொண்டிருந்த எட்வேர்ட் பிளைத் 1854 இல இதை முதல்முதலா விபரிச்சு எழுதினவர். காஞ்ச நாட்டுச் சீவன் எண்ட உடனே நாங்கள் நினைக்கிறது, இது வெயில்ல கிடந்து காயிற ஒண்டு எண்டு. ஆனா பகல் முழுக்க அது கல் வெடிப்புக்குள்ளயும் வளைக்குள்ளயும் தான் கிடக்கும். பொழுதுபட்ட பிறகு தான் வெளிக்கிடும், அந்த நேரம் காத்து ஆறியிருக்கும், ஆனா கல்லும் மண்ணும் பகல் குடிச்ச சூட்டை இன்னும் வச்சிருக்கும். அந்தச் சூட்டில வயித்தை வச்சுப் படுத்துத் தான் அது தன்ர உடம்பைச் சூடாக்குது. ஹீட் மேட்டைத் தொட்டிக்குக் கீழ வைக்கிற பழக்கம் இதைப் பாத்து வந்தது.

எங்களுக்கு உடம்புக்குள்ளயே ஒரு அடுப்பு எரிஞ்சுகொண்டு இருக்கு, மாரியோ கோடையோ 37 பாகையில நிக்கும், அந்த அடுப்புக்கு விறகு போடத் தான் நாங்கள் மூண்டு நேரம் சாப்பிடுறம். பல்லிக்கு அந்த அடுப்பு இல்லை. அதால வளந்த கெக்கோவுக்கு ரெண்டு மூண்டு நாளைக்கு ஒருக்கா நாலஞ்சு பூச்சி போதும். ஆனா சமிபாடு நடக்க, நோயை எதிர்க்க, தசை வேலை செய்ய, எல்லாத்துக்கும் நொதியங்கள் வேணும், அந்த நொதியங்கள் ஓடுற வேகத்தை உடம்புச் சூடு தான் தீர்மானிக்குது. உடம்பு குளிரா இருந்தா திண்ட பூச்சி வயித்துக்க அப்பிடியே கிடந்து பழுதாகும். மற்றப் பக்கம் சூடு ஏற ஏற உடம்பு வேகமா எரியும், ஒக்சிசன் கூடத் தேவைப்படும், தண்ணி குறையும், ஒரு அளவுக்கு மேல புரதங்களே குழம்பத் தொடங்கும். எங்களைப் போல வேர்க்கவும் அதால ஏலாது. அதிட்ட இருக்கிற பெரிய வழி, எழும்பி நடந்து வேற இடத்துக்குப் போறது. போறதுக்கு இடம் இல்லை எண்டா அது செத்துப் போகும்.

அதால தான் தொட்டி நீளமா இருக்கோணும் எண்டுறது, 90 சென்ரிமீற்றர் எண்டா நல்லம். ஒரு அந்தம் தரை 31 இல இருந்து 33 பாகை, மற்ற அந்தம் 25, 26 இல. இதை அளக்கிறதுக்குக் கண்ணாடியில ஒட்டுற வட்ட மீற்றர் சரிவராது, அது காட்டுறது சுவர்ச் சூட்டை, பல்லி படுக்கிறது தரையில. வயர் முனையில சென்சர் இருக்கிற சின்ன டிஜிற்றல் மீற்றரை வாங்கி முனையைத் தரையில வையுங்கோ. கொரோனா நேரம் நெத்தியில பிடிச்ச மெசினால அளக்காதேங்கோ, அது மனுச உடம்புக்கு எண்டு செய்தது, கல்லைக் காட்டினா பிழையாத் தான் சொல்லும்.

இப்ப எங்கட பிரச்சினைக்கு வருவம். வைகாசி, ஆனி, ஆடி நாளில தகரக் கூரைக்குக் கீழ குளிர்ப் பக்கம் எண்டு ஒண்டு தானா வராது, முழுத் தொட்டியும் ஒரே சூடா நிக்கும். அந்த நேரம் ஹீட் மேட்டைக் கழட்டி வைக்கலாம். தொட்டியை மாடியில இல்லாம கீழ் வீட்டில, மேற்கு வெயில் படாத சுவரோட, நிலத்துக்குக் கிட்ட வையுங்கோ. பிறகு ஒரு மண்சட்டி எடுங்கோ, பூச்சுப் பூசாத சாதாரணச் சட்டி, வாயில ஒரு துண்டை உடைச்சு, கூர் இல்லாம உரஞ்சிப்போட்டு, குளிர்ப் பக்கத்தில கவிழ்த்து வச்சு மேலால தண்ணி தெளியுங்கோ. சட்டி தண்ணியைக் குடிச்சு மெல்ல மெல்ல வெளிய விடும், ஒரு கிராம் தண்ணி ஆவியாகேக்க கிட்டத்தட்ட 2400 ஜூல் சூட்டைச் சட்டியில இருந்து இழுத்துக்கொண்டு போகும். கொஞ்சத்தால உள்ளுக்க கையை விட்டுப் பாத்தா வித்தியாசம் தெரியும்.

இதில எனக்குச் சரியாப் பிடிச்ச விசயம் என்னெண்டா இந்த வேலை கச்சானுக்குத் தான் நல்லாச் சரிவரும். கச்சான் தரைப் பக்கம் இருந்து வாற காஞ்ச காத்து, அது தண்ணியை உடன உறிஞ்சும். காத்து 35 பாகை, ஈரப்பதன் 50 வீதம் எண்டா, ஆவியாகிற தண்ணியால 26 பாகை கிட்ட வரைக்கும் கூட இறக்க ஏலும். அதே சட்டியை மாரியில, 30 பாகையும் 85 வீத ஈரப்பதனுமா இருக்கிற ஒரு நாள் வச்சுப் பாருங்கோ, ஆக மிஞ்சினா 28 தான், காத்தில ஏற்கனவே தண்ணி நிறைஞ்சிருக்கிறதால சட்டித் தண்ணி போறதுக்கு இடம் இல்லை. அப்பிடியான நாளில ஐஸ் கட்டின தண்ணிப் போத்தலை ஒரு துவாயில சுத்தி, தொட்டிக்கு வெளியால குளிர்ப் பக்கத்துக் கண்ணாடியோட சாத்தி வையுங்கோ. தொட்டி மூடி வலையா இருக்கோணும், கண்ணாடி மூடி போட்டா காத்தோட்டமும் இல்லை, சூடும் போகாது.

வாடை தொடங்கி மழை பிடிச்ச பிறகு கதை மாறும். ராவில 24, 25 க்கு இறங்கும், அப்ப ஒரு பக்கம் ஹீட் மேட் வேணும், தேர்மோஸ்டட் (சூடு அளவுக்கு மிஞ்சாமப் பாக்கிற கருவி) இல்லாம அதைக் கொழுவவே கூடாது. கரண்ட் ஒரு ராத்திரி நிண்டாலும் பயப்பிடத் தேவையில்லை, எங்கட குளிர் அதுக்குக் குளிரே இல்லை. மாரியில பயப்பிட வேண்டியது ஈரத்துக்கு. தொட்டி கன நாள் நனைஞ்சபடி கிடந்தா சுவாசத் தொற்று வரும், மூக்கடியில குமிழி, வாயைத் திறந்து மூச்சு விடுறது, இதைக் கண்டா வீட்டு வைத்தியம் பாக்காதேங்கோ.

ஈரமே கூடாது எண்டும் இல்லை. பல்லி தோல் கழட்டேக்க பழைய தோலுக்குக் கீழ புதுத் தோல் முழுசா வளந்திடும், ரெண்டுக்கும் நடுவில ஒரு திரவம் ஊறி பழசைப் பிரிக்கும், அந்த நேரம் சீவன் மங்கி வெள்ளையாத் தெரியும். பிறகு கல்லில முகத்தை உரஞ்சி உதட்டடியில தோலைக் கிழிச்சு, வாயால பிடிச்சு இழுத்துக் கழட்டி அப்பிடியே திண்டிடும். காத்து காஞ்சிருந்தா, முக்கியமா ஏசி அறையில வச்சிருந்தா, விரல் நுனியில தோல் ஒரு வளையமாத் தங்கிடும். அது காயக் காய இறுகும், இரத்த ஓட்டம் நிக்கும், விரல் செத்து விழும். அந்த ஈர மண்சட்டி இதுக்கும் உதவும், உள்ளுக்க நனைச்ச தேங்காய்த் தும்புத் தூள் கொஞ்சம் போடுங்கோ. தோல் கழட்டின ஒவ்வொரு முறையும் டோர்ச் பிடிச்சு ஒவ்வொரு விரலாப் பாருங்கோ, தங்கியிருந்தா இளஞ்சூட்டுத் தண்ணியில காலை ஊறவிட்டு கொட்டன் பஞ்சால மெதுவா உருட்டி எடுங்கோ.

கிட்ட இருந்து பாக்கேக்க தான் எங்கட சுவர்ப் பல்லிக்கும் இதுக்கும் இருக்கிற தூரம் தெரியும். சுவர்ப் பல்லின்ட விரலுக்கடியில கண்ணுக்குத் தெரியாத மயிர் லட்சக்கணக்கில இருக்கு, மூலக்கூறுகளுக்கு இடையில இருக்கிற இழுப்பால தான் அது ரியூப் லைட்டடியில தலைகீழா நிக்குது. லெப்பர்ட் கெக்கோவுக்கு அந்த மெத்தை இல்லை, வெறும் நகம், கண்ணாடியில ஏற ஏலாது. சுவர்ப் பல்லிக்கு கண் இமை இல்லை, நாக்கால நக்கித் தான் கண்ணைத் துடைக்கும், இது எங்களைப் போலக் கண்ணை மூடித் திறக்கும், நித்திரை கொள்ளேக்க பாத்தா அப்பிடி ஒரு வடிவு. காது ஓட்டைக்கு நேர வெளிச்சம் இருந்தா ஒரு பக்கத்தால பாக்க மற்றப் பக்க வெளிச்சம் தெரியும். ரெண்டு செவிப்பறையும் உள்ளால வாய்க்குழியோட தொடுபட்டு இருக்கிறதால தான் அப்பிடி, சத்தம் எந்தப் பக்கத்தால வருது எண்டு பிடிக்க அது உதவுது.

வாலைப் பாருங்கோ, அது தான் அதின்ட சேமிப்பு. கொழுப்பு பெரும்பாலும் வாலில தான் இருக்கும், வால் கழுத்தை விட மெலிஞ்சா ஏதோ பிழை. பயம் வந்தா கழட்டி விடும், வால் முள்ளெலும்புகளுக்கு உள்ளயே உடையிறதுக்கு எண்டு தளங்கள் இருக்கு, தசை இறுக அந்த இடத்தால முறியும், இரத்தம் பெரிசாப் போகாது. பிறகு முளைக்கிற வாலில எலும்பு இல்லை, ஒரு கசியிழைய (குருத்தெலும்பு) குழாய் தான், பாக்கவும் கிழங்கு மாதிரிக் கட்டையா இருக்கும். வளரும் தானே எண்டு சும்மா விடக்கூடாது, வாலோட போனது அதின்ட சேமிப்பில பெரும்பங்கு. அந்த நாளில கிச்சன் டிஷ்யூ விரிச்சுத் துப்பரவா வச்சு, சாப்பாட்டைக் கூட்டிக் குடுங்கோ.

சாப்பாட்டில பிழைக்கிறது பெரும்பாலும் கல்சியம். கிரிக்கெட் பூச்சி, மீல்வேர்ம் எல்லாத்திலயும் பொஸ்பரஸ் கூட, கல்சியம் சரியான குறைவு. இரத்தத்தில கல்சியம் இறங்கினா கழுத்தில இருக்கிற சின்னச் சுரப்பி ஒரு ஹோர்மோனை விடும், அது எலும்பைக் கரைச்சுக் கல்சியத்தை எடுக்கும். இரத்தம் தப்பும், எலும்பு போயிடும். தாடை ரப்பர் மாதிரி வளையும், கால் கோணும், நடக்க ஏலாம நடுங்கும். அதால பூச்சியைக் கல்சியம் தூளில உருட்டிக் குடுங்கோ, பூச்சிக்கும் முதல் நாளே கீரை, கரட் போடுங்கோ. கல்சியத்தைக் குடல் உறிஞ்ச விற்றமின் டி3 வேணும், அதைத் தோல் வெயிலில இருக்கிற யூவீபி கதிரில செய்யும், இல்லாட்டித் தூளில இருந்து வரோணும். சன்னல் வெயில் படுது தானே எண்டு சொல்லாதேங்கோ, சன்னல் கண்ணாடி யூவீபியை மறிச்சிடும், சூடு மட்டும் தான் உள்ளுக்க வரும்.

தம்பலகாமம் வயல் பக்கம் வெட்டுக்கிளி பிடிச்சுக் குடுக்க வேண்டாம், வயலுக்கு அடிச்ச மருந்து பூச்சியோட சேந்து வயித்துக்க போகும். நுளம்புத்திரி, கரப்பொத்தானுக்கு அடிக்கிற ஸ்பிரே அந்த அறையிலயே பாவிக்காதேங்கோ. எறும்புக்கு எங்கட அம்மம்மாக்கள் சாப்பாட்டு அலுமாரிக்குச் செய்தது தான் சரி, தொட்டி வைக்கிற மேசைக் காலுகளுக்குக் கீழ தண்ணிக் கோப்பை. ராவில மிஞ்சின கிரிக்கெட்டை எடுத்திடுங்கோ, அது பல்லியைக் கடிக்கும். கடற்கரை மணல் கொண்டு வந்து போடவும் வேண்டாம், பூச்சியோட சேத்து விழுங்கினா குடல் அடைக்கும், நிலத்துக்குப் போடுற டைல்ஸ் துண்டு போதும். தொட்ட பிறகு சவுக்காரம் போட்டுக் கை கழுவோணும், சின்னப் பிள்ளையள் இருக்கிற வீட்டில கட்டாயம், ஊர்வனவின்ட குடலில சல்மொனெல்லா எண்ட நோய்க் கிருமி சாதாரணமா இருக்கும்.

குஞ்சு பொரிக்க ஆசைப்படுற ஆக்களுக்கு ஒண்டு. இதில கடுவனோ பெட்டையோ எண்டு குரோமோசோம் தீர்மானிக்கிறதில்லை, அடைகாக்கிற சூடு தான் தீர்மானிக்குது. 26 பாகையில வச்சா கிட்டத்தட்ட எல்லாம் பெட்டை, 32.5 கிட்ட கூடுதலாக் கடுவன், 34, 35 க்குப் போனா திரும்பவும் பெட்டை. டெக்சஸ் பல்கலைக்கழகத்தில டேவிட் குரூஸ் கன வருசம் இதைப் படிச்சவர், கடுவன் அதிகமா வாற சூட்டில பிறந்த பெட்டையள் மற்றப் பெட்டையளை விட முரட்டுத்தனமா இருக்குதுகள் எண்டும் அங்க கண்டவை. முட்டைக்குள்ள கிடந்த காலத்துச் சூடு பிறகு குணத்திலயும் தெரியுது, எனக்கு இந்தச் சீவனில ஆகப் பெரிய அதிசயம் இது தான். ஆனா எங்கட வீட்டு அலுமாரிச் சூடு பகலுக்கும் ராவுக்கும் மாறிக்கொண்டே இருக்கும், கடுவன் ரெண்டை ஒண்டா விட்டா கடிபடும், அதால நிறையக் குஞ்சுக்கு நிறையத் தொட்டி இல்லாத ஆக்கள் இதில இறங்க வேண்டாம்.

நிறத்துக்கு மயங்கியும் வாங்காதேங்கோ. லெமன் ஃப்ரொஸ்ட் எண்ட வெள்ளை மஞ்சள் வகை ஒண்டு வந்தது, பாக்க நல்ல வடிவு, அதில 80 வீதத்துக்கு மேல தோலில கட்டி வந்திட்டுது. 2021 இல வந்த ஆய்வில காரணம் ஸ்பின்ட்1 எண்ட மரபணுப் பக்கம் எண்டு காட்டினவை. அந்த வடிவும் அந்த நோயும் ஒரே இடத்தில இருந்து தான் வருது, பிரிக்க ஏலாது.

நல்லாப் பாத்தா 15 வருசம், சிலது 20 வருசம் கூட இருக்கும். கிழமைக்கு ஒருக்கா கிச்சன் தராசில நிறுத்து கொப்பியில எழுதி வையுங்கோ, பெரும்பாலான வருத்தம் முதல் நிறையில தான் தெரியும். நாய், மாடு பாக்கிற டொக்டர் எல்லாருக்கும் பல்லி பழக்கம் இருக்காது, வருத்தம் வர முதலே ஊர்வன பாக்கிற ஒருத்தரை விசாரிச்சு வையுங்கோ, பேராதனையில மிருக வைத்திய பீடம் இருக்கு, அங்க கேக்கலாம். போகேக்க நிறை எழுதின கொப்பி, தொட்டின்ட ரெண்டு பக்க டெம்பரேச்சர், அண்டைக்குப் போன எச்சம் ஒரு சின்னப் போத்தலில, இந்த மூண்டையும் கொண்டு போங்கோ.